ஈத்-ஜீரோவில் காத்திருப்பவள்

பத்து மணி பஸ்ஸில் சதீஸ்குமார் வந்து இறங்கினான். ஜவ்வாது மலைமேல் எங்கள் பிரசவ வார்டில், கீழே ஊரில் இருக்கும் டாக்டரைத் திரையில் கூப்பிட ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனியின் ஆள் இவன். லைன் போய் இருபத்தொரு நாள் கழித்து, கையில் தேங்காய் பன்னோடு வருகிறான். நர்ஸ் சசிகலா நான்.

"இன்னாய்யா பண்ணீங்க இத?"

"சின்ன விஷயம் சிஸ்டர். ஆபீஸ்லேர்ந்து அப்டேட் போட்டோம், நெட்வொர்க் கார்டோட பேரு மாறிடுச்சு. முன்னாடி ஈத்-ஜீரோ. இப்ப கார்டு செருகியிருக்கிற இடத்த வச்சு வேற நீளமான பேரு. செட்டிங்ஸ் பழைய பேரையே தேடிக்கினு இருந்துச்சு, அதான் லைன் போச்சு."

சின்ன விஷயமாம்! லைன் போன அன்றைக்கு மூன்று மணி நேரம், பிரசவமான சாந்தம்மாள் இதே கட்டிலில், "டாக்டரு கெடச்சாருங்களா?" என்று கேட்டுக் கேட்டே ரத்தப்போக்கில் செத்தாள்.

இப்போது அதே கட்டிலில் ஜெயசுதா. குழந்தையின் கால் முதலில் வருகிறது. பஸ் வந்த பிறகு பாதையில் மண் சரிந்துவிட்டது, ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் நிற்கிறது.

"சீக்கிரம் பண்ணுய்யா!"

செட்டிங்ஸில் புதுப் பேரை எழுதினான். கார்டுகளின் பட்டியலில் புதுப் பேர் வந்தது.

அதன் கீழே ஈத்-ஜீரோவும் வந்தது.

"இது இருக்கவே கூடாது சிஸ்டர்..."

அழித்தான். திரும்ப வந்தது.

கேபிளைப் பிடுங்கினான். லைன் இருந்தால் மட்டும் எரியும் பச்சை விளக்கு அப்போதும் நிற்காமல் துடித்தது. டெட்டால் நெடியை மீறி ரத்தவாடை அடித்தது.

டாக்டரைக் கூப்பிடும் திரை தானாகத் திறந்தது.

வரிசையில் இரண்டாவது, ஜெயசுதா.

முதலாவது, சாந்தம்மாள். காத்திருப்பு: இருபத்தொரு நாள்.

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் பெரிதாக இருந்தது.

"அவ போனாதான் இவளுக்கு லைன் கெடைக்கும். எடுய்யா! நீங்க மாத்துன பேரு, நீயே பதில் சொல்லு."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த அழைப்பை எடுத்தான். திரை கறுப்பாகவே இருந்தது. கசிந்த குரல் எனக்கும் கேட்டது.

"டாக்டருங்களா? ரத்தம் இன்னும் நிக்கலிங்க..."

ஹெட்போனை வீசிவிட்டு ஓடினான். நான் கேபிளைச் செருகினேன். திரையில் டாக்டர் வந்தார். அவர் சொல்லச் சொல்லச் செய்தேன். ஜெயசுதாவும் பெண் குழந்தையும் பிழைத்தார்கள்.

இன்று காலை பெட்டியைப் பார்த்தேன். ஈத்-ஜீரோ அப்படியே இருக்கிறது. அதில் சாந்தம்மாளின் பேச்சு நேரம் ஒன்பது நாளைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

சதீஸ்குமாருக்குப் போன் அடித்தேன்.

"நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்."

ஒன்பது நாளாக எப்போது அடித்தாலும் இதேதான்.

பேசட்டும்.