தட்டணு ஆறு லட்சம்

எண்ணரசன் என்னும் இயந்திரம் ஒரு சொட்டு இரத்தத்தை விழுங்கி, நீங்கள் இமைப்பதற்குள் அதிலுள்ள அணுக்களை எல்லாம் எண்ணிவிடும். இமைத்து முடிப்பதற்குள் இன்னொரு தரம் எண்ணிச் சரியும் பார்த்துவிடும். அதன் சொல் இல்லாமல் 2091இல் எந்த மருத்துவமனையிலும் ஓர் இரத்தப் பைகூட அலமாரியை விட்டு இறங்காது.

பேச்சியம்மாளின் குழந்தை பிறந்து ஒரு நாள். மூக்கில் இரத்தம் கசிந்தது. கசிவை அடைக்க வேண்டிய தட்டணுக்களை எண்ணிப் பார்த்த எண்ணரசன், "இரண்டு லட்சம். போதுமானது" என்றது.

ஆய்வக நுட்பர் பிளாரன்ஸ் அந்த இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிதாகத் தடவி, நுண்ணோக்கியில் குனிந்தாள்.

"டாக்டர், இது தட்டணுவே இல்ல. சிவப்பணு ஒடைஞ்ச தூளு. சைஸ் ஒண்ணா இருக்குன்னு அந்த மூதேவி சேத்து எண்ணுது. நெசத் தட்டணு ஒம்பதாயிரம் தேறாது."

"அத அதுகிட்ட சொல்லும்மா. அலமாரிச் சாவி என் மடியிலயா இருக்கு?" என்றார் டாக்டர் மீரான்.

சொன்னாள். அவள் கண்ணில் கோளாறு என்றது எண்ணரசன். மீரானும் குனிந்து பார்த்து, "ஒம்பதாயிரம்தான்" என்றார். அவள் அனுப்பிய படத்தைப் பார்த்து மாநிலமெங்கும் முந்நூறு ஆய்வக நுட்பர்கள் அதையே சொன்னார்கள். எண்ணரசன் உடனே ஒரு புதிய தொற்றுக் கண்நோயைக் கண்டுபிடித்து, அதற்குப் பெயரும் சூட்டி, முந்நூற்றிரண்டு பேரின் கையெழுத்தையும் செல்லாததாக்கியது.

ஐயம் எழுந்ததால் மறு எண்ணிக்கை. குழந்தையின் குதிகாலில் ஊசி இறங்கியது. அந்தத் துளையும் அடைபடவில்லை. உள்ளே சிவப்பணுக்கள் உடைய உடையத் தூள் பெருகியது.

"நான்கு லட்சம். நல்ல முன்னேற்றம்."

இன்னோர் ஊசி.

"ஆறு லட்சம். வாழ்த்துகள்!"

"ஆறு லட்சம்னா நல்லதுதான சார்? பொறவு ஏன் பஞ்ச மாத்திக்கிட்டே இருக்கிய?" என்றாள் பேச்சியம்மாள்.

மீரான் பஞ்சை மாற்றினார்.

எண்ணரசன் எப்போதும் சிறந்ததைப் பார்த்துக் கற்கும். தான் கண்டதிலேயே ஆரோக்கியமான இந்தக் குழந்தையை அன்றே அளவுகோலாக்கிக்கொண்டது. வார்டிலிருந்த மற்ற நாற்பது குழந்தைகளும் ஆறு லட்சத்துக்குக் கீழே, ஆகவே பேராபத்தில்!

அலமாரி திறந்தது. தட்டணுப் பைகளோடு தானியங்கி வண்டி வந்தது. பிளாரன்ஸ் பாய்ந்து ஒரு பையை இழுத்தாள். பேச்சியம்மாள் குழந்தையின் தொட்டில் எண் பொருந்தாததால் பையின் பூட்டு அசையவில்லை.

பேச்சியம்மாள் எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். வண்டி மிகுந்த மரியாதையோடு அவளைச் சுற்றிக்கொண்டு அடுத்த தொட்டிலுக்குப் போயிற்று.