குரோட்டன்ஸ் வீட்டு வெற்றிலை

காலை மணி 9.50. பட்டு வியாபாரி அருணாச்சலத்தின் வீட்டு கேட்டருகே நெசவாளி பலராமன் முட்டி மடங்கி விழுந்தான். வெற்றிலைச் சாறும் எச்சிலும் கலந்து தாடையில் வழிந்தன. நாக்கு வீங்கி, மாட்டு நாக்குபோல் உதட்டுக்கு வெளியே தள்ளி நின்றது. கத்திப் பார்த்தான். தொண்டையில் ஒரு முனகல் வந்தது, அவ்வளவுதான்.

ஆரணியில் அந்த வீட்டுக்குக் குரோட்டன்ஸ் வீடு என்று பெயர். வாசலில் முப்பது சிமெண்ட் தொட்டிகள். சிவப்பும் மஞ்சளும் தெளித்த குரோட்டன்ஸ், தூணில் ஏறிய மணிபிளாண்ட், சுவரோரம் அரளி. முதலாளியம்மா குணசுந்தரி பாலில் துணி நனைத்து இலைகளைத் துடைப்பாள். பின்சுவருக்கு அந்தப்பக்கம் அருணாச்சலத்தின் சாயப்பட்டறை. அங்கிருந்து கருஞ்சிவப்புத் தண்ணீர் நாறிக்கொண்டு தெருச் சாக்கடைக்கு வரும். அதில் கால் நனையாமல் அந்தத் தெருவில் யாரும் நடந்ததில்லை. செடிகளுக்கு மட்டும் கிணற்றுத் தண்ணீர்.

தண்ணீர் ஊற்றுகிறவள் முனியம்மா. இரண்டு மாதத்துக்கு முன், 1981 ஏப்ரலில், அவள் புருஷன் சடையன் அதே பட்டறையில் செத்தான். கொதிக்கும் சாய அண்டா அவன்மேல் கவிழ்ந்தது. குடித்துவிட்டு வந்து தானே இழுத்துப் போட்டுக்கொண்டான் என்றார் அருணாச்சலம். உடைந்த அடுப்பைக் கட்டித் தராததுதான் காரணம் என்றாள் முனியம்மா. பட்டறையில் அப்போது இருந்த ஒரே ஆள், நூல் வாங்க வந்த பலராமன். பலராமன் விழுந்த அன்றுதான், மாலை மூன்று மணிக்கு, முனியம்மாவின் நஷ்டஈட்டு மனுமேல் பயணியர் மாளிகையில் தொழிலாளர் அதிகாரியின் விசாரணை. அவன் என்ன சொல்லப்போகிறான் என்பது ஊருக்குத் தெரியாது. அவனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமே தவிர, எழுதத் தெரியாது.

காலை 10.30. சப்-இன்ஸ்பெக்டர் தேர் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். ஸ்டேஷன் பொறுப்பு ஏட்டு சின்னக்கண்ணுவிடம். கல் உடைக்கிறவரின் மகன். ஐம்பது வயது, தொப்பை கிடையாது. கான்ஸ்டபிள் குப்புராஜுடன் வந்தார். பலராமனை அதற்குள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள்.

கேட் ஓரம் மண்ணில் முனியம்மா உட்கார்ந்திருந்தாள். வீட்டு ஆட்கள் இரண்டு பேர் காவல்.

"இவதான் ஏட்டு. அரளி வேர அரைச்சித் தண்ணியில கலக்கிக் குடுத்துட்டா," என்றார் அருணாச்சலம். ஜிப்பா, தோளில் துண்டு. வலது கை துண்டுக்குள் இருந்தது. "சடையன் குடிச்சிட்டுத்தான் செத்தான்னு பலராமன் இன்னிக்கு உண்மையச் சொல்லிடுவான் பாருங்க, அதான். ஜல்தி அழைச்சிக்கினு போங்க. தெருவே வேடிக்கை பாக்குது, பேஜாரா கீது."

"கலக்கறதப் பாத்தீங்களா மொதலாளி?"

"பாக்கணுமா? அவன் உழுந்ததும் 'புளி கரைச்சி ஊத்துங்க, புளி கரைச்சி ஊத்துங்க'ன்னு கத்தறா. வெசம் இன்னான்னு தெரியாதவளுக்கு மருந்து எப்படித் தெரியும்?"

கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். சின்னக்கண்ணு ஆட்டவில்லை. முனியம்மாவின் எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார்.

"தண்ணி குடுத்தியா?"

"குடுத்தேன் சாமி. கேட்டாரு, குடுத்தேன்."

"இன்னா சொல்லிக் கேட்டாரு?"

"வாயி எரியுது, தண்ணி குடுன்னாரு. சொல்லு கொழகொழன்னு வந்துச்சி. அந்தக் குரோட்டன் செடியாண்ட வெத்தலையத் துப்பிட்டுத்தான் குடிச்சாரு."

"எந்தப் பானை?"

"அதோ. காலையிலருந்து நானும் அதுலதான் குடிச்சிக்கினு கீறேன்."

சின்னக்கண்ணு பானையிலிருந்து மொண்டு மடக்மடக்கென்று அரைச் செம்பு குடித்தார். குப்புராஜ் செம்பைப் பிடுங்கப் பாய்ந்தான்.

"ஐயா! இன்னா ஐயா இது, ரெண்டு பொண்ணு கீது உங்களுக்கு!"

"தாகம்டா. துப்பினது எங்க, அதக் காட்டு."

பால் துடைத்த இலைமேல் சிவப்பாக, ஈ மொய்த்துக் கிடந்தது. சின்னக்கண்ணு ஒரு குச்சியால் கிளறினார். குப்புராஜ் மூக்கைப் பொத்தினான்.

"மூக்கப் பொத்தறதுக்கா கவர்மெண்ட் சம்பளம் குடுக்குது? குந்து."

வெற்றிலை, பாக்குத் தூள், சுண்ணாம்பு. நடுவில் சுண்டுவிரல் நுனி அளவு ஏதோ செடியின் சதைத்துண்டு, பச்சையும் வெள்ளையுமாக. பாக்கு அல்ல. குப்புராஜ் அதை இரண்டு விரலால் எடுத்துக் காகிதத்தில் மடித்தான். இரண்டு நிமிடத்தில் விரலைக் காக்கி டிரவுசரில் தேய்க்கத் தொடங்கினான்.

"ஐயா, அரிக்குது. நெருப்பாட்டம் அரிக்குது."

சின்னக்கண்ணு அவன் விரல்களைப் பார்த்தார். பிறகு முனியம்மாவைப் பார்த்தார்.

"காட்டுக்கருணை துன்னு கீறியா நீ?"

"பஞ்சத்துல அதுதானே சாமி சோறு. சரியா வேகலன்னா நாக்கு இப்படித்தான் தடிக்கும். புளியக் கரைச்சி ஊத்துவாங்க எங்கம்மா."

"எங்கம்மாவும்தான்," என்றார் சின்னக்கண்ணு.

காலை 11.15. ஆஸ்பத்திரி. டாக்டர் நாடி பிடித்த கையை விடாமல் பேசினார்.

"அரளியா? யார் சொன்னது? அரளின்னா வாந்தி எடுத்திருப்பான், நாடி விழுந்திருக்கும். இவனுக்கு நாடி குதிரை மாதிரி இருக்கு. வாய், நாக்கு, தொண்டை மட்டும்தான். சேம்பு, கருணை ஜாதியில ஏதோ ஒண்ணு. உசுருக்கு பயமில்ல. பேச ரெண்டு மூணு நாள் ஆகும்."

பலராமன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கண்ணில் நீர் வழிந்தது.

"முனியம்மா தண்ணியாலயா?" என்று கேட்டார் சின்னக்கண்ணு. இல்லை என்று தலையை ஆட்டினான்.

"தண்ணிக்கு முன்னாடியே எரிஞ்சிதா?" ஆமாம்.

"மொதலாளி கூப்பிட்டாருன்னுதானே போன? வெத்தல போட்டது எங்க? கூடத்துலயா?" ஆமாம்.

"அங்கயே எரிஞ்சிதா?" ஆமாம்.

"அப்பவே துப்பறதுக்கு இன்னாய்யா?"

பலராமன் தலை குனிந்தான். முதலாளி எதிரில், பளபளக்கும் மொசைக் தரையில், அவர் கொடுத்ததை எப்படித் துப்புவான்? நெருப்பு எரிய எரிய மென்று, கேட் வரைக்கும் அடக்கிக்கொண்டு வந்திருக்கிறான். சின்னக்கண்ணுவுக்கு அதைக் கேட்டதே அருவருப்பாக இருந்தது. அவன்மேல் அல்ல.

பகல் 12.20. மறுபடி குரோட்டன்ஸ் வீடு. கூடத்தில் சாமி படங்களுக்குக் கீழே வரிசையாகப் பித்தளைத் தொட்டிகள். குணசுந்தரி பக்கத்திலேயே நின்றாள். செடிகளைப் பற்றிக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. வாசலில் ஒருத்தி மண்ணில் கிடக்கிறாள் என்பது அந்த முகத்தில் இல்லை.

"இது பாருங்க, பெங்களூர் மலர்க் கண்காட்சியில வாங்கினது. இலையில வெள்ளை தெளிச்சாப்பல இருக்கில்ல? கூடத்துக்கே ஒரு களை. இது மாதிரி ஆரணியில யார் வீட்டுலயும் கெடையாது."

"அழகுதாம்மா. கொஞ்சம் வாடினாப்பல கீதே?"

"நேத்துக்கூட நல்லா நிமிந்து இருந்திச்சே..." அவள் குனிந்து பார்த்தாள். "கொஞ்சம் குள்ளமாகூடத் தெரியுது."

"ஆடு மாடு கடிச்சா?"

"ஐயோ, கடிச்சா அவ்வளவுதான். போன மாசம் எங்க நாய்க்குட்டி இந்த இலையக் கடிச்சிட்டு ரெண்டு நாள் கொலைக்கவே இல்ல. எங்க வீட்டுக்காரரு சிரிச்சிக்கினே இருந்தாரு."

"காலையில வெத்தல மடிச்சது யாரும்மா?"

"தட்டு வெச்சது நானு. மடிச்சிக் குடுத்தது அவரு. எனக்கே ஆச்சரியம். நெசவுக்காரங்களுக்குத் தட்டத் தள்ளிவிடுறதோட சரி அவரு."

அருணாச்சலம் உள்ளே வந்தார். "இன்னும் இன்னா விசாரணை? அவளக் கூட்டிக்கினு போங்கய்யா."

"போறோம் மொதலாளி. ஒரே ஒரு சந்தேகம். கூடத்துச் செடிக்கும் முனியம்மாதானே தண்ணி ஊத்துறா? உள்ள வந்து போயிக்கினுதானே இருப்பா?"

அருணாச்சலத்தின் முகம் சுருங்கியது, வாயில் புழு பட்டதுபோல. வாசலில் அக்கம்பக்கத்தார் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படிச் சொன்னார்.

"யாரக் கேக்கறீங்க ஏட்டு? சாமி படம் இருக்கிற கூடம் இது! ஒன்பது வருசமா வேல செய்யறா, அந்த நிலைப்படியில அவ கால் பட்டதில்ல. நெழல்கூட விழுந்ததில்ல. உள்செடிக்கு என் சம்சாரம் ஊத்துவா, இல்லன்னா நான் ஊத்துவேன். எங்க குடும்பத்தப் பத்தி இன்னா நெனச்சீங்க?"

"வேற வேலக்காரங்க?"

"எவனும் வரமாட்டான்!"

"குப்புராஜ், அப்படியே எழுது. மொதலாளி, ஒரு கையெழுத்து."

பெருமையோடு கை நீட்டினார். துண்டு நழுவியது. விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன. மோதிரங்கள் இல்லை. மூன்று விரலில் மூன்று வெள்ளை வளையம் மட்டும் இருந்தது. கையெழுத்துக் கோணலாக விழுந்தது.

சின்னக்கண்ணு தன் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு பெங்களூர் செடியின் தண்டைப் பிடித்து இழுத்தார். வேர் இல்லை. கத்தியால் சீவிய நுனி மண்ணிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. மண்ணைத் தள்ளினார். அடியில் வெட்டிய கட்டை, அதில் இன்னும் காயாத சாறு.

"நடுத்தண்ட வெட்டி எடுத்துட்டு, கொழுந்த மறுபடி சொருகி வெச்சிருக்கு. வெட்டினது பாக்கோட பாக்கா வெத்தலைக்குள்ள போச்சி. நாயி ரெண்டு நாள் கொலைக்கல. மனுசனுக்கு மூணு மணி வரைக்கும் வாயக் கட்டினாப் போதும். அரளி வாசல்லயே கீது, பழி போட ஒருத்தி தண்ணிப் பானையோட கீறா."

"ஏட்டு, மரியாத..."

"நீங்கதான் மொதலாளி செஞ்சது. சும்மா விட்டிருந்தா, முனியம்மா உள்ள பூந்து வெட்டிட்டான்னு கோர்ட்டுல உங்க வக்கீல் சொல்லியிருப்பாரு. என்னால மறுக்க முடியாது. அவ நெழல்கூட உள்ள விழுந்ததில்லன்னு நீங்களே ஊருக்கு எதிர்ல சொல்லிக் கையெழுத்தும் போட்டீங்க. அப்போ இந்தச் செடியத் தொட்டது ரெண்டே பேர். அம்மா கை சுத்தமா கீது. உங்க மோதிரம் எங்க? வீக்கத்துல கழட்டிட்டீங்க. இந்தச் சாறு பட்டா அரிக்கும்னு காட்டுக்கருணை துன்னவனுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியல."

அருணாச்சலம் கையை மறுபடி துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். குணசுந்தரி புருஷனைப் பார்க்கவில்லை. வேர் அற்ற தண்டைப் பார்த்து, "நாலு வருசச் செடி," என்றாள்.

சின்னக்கண்ணுவுக்குக் காறித் துப்பத் தோன்றியது. வெளியே போய்த் துப்பினார்.

மாலை 3.05. பயணியர் மாளிகை. ஸ்டேஷனில் உட்காரவைத்திருந்த முதலாளிக்காக அவர் வக்கீல் எழுந்தார். சாட்சியால் பேச முடியாது, எழுதவும் தெரியாது, எனவே மனுவைத் தள்ளுபடி செய்யவேண்டும் என்றார். முனியம்மா சுவரோரம் நின்றிருந்தாள். இன்று இல்லையென்றால் இனி இல்லை என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

"சாட்சி நேரில் வந்திருக்காரா?" என்று கேட்டார் அதிகாரி.

பலராமன் எழுந்து நடுவே வந்தான். வாய் மூடவில்லை. இரண்டு கையாலும் கழியைப் பிடித்து நூல் சிட்டத்தைச் சாயத்தில் புரட்டுவதுபோல் புரட்டிக் காட்டினான். இல்லாத அடுப்பின் மூன்று பக்கத்தையும் காற்றில் விரலால் தொட்டுக் காட்டினான். ஒரு பக்கத்தைச் சரித்தான். உடம்பையே அண்டாவாகச் சாய்த்தான். சாராயம் குடிப்பதுபோல் கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோய், தலையையும் கையையும் வேகமாக ஆட்டினான். இல்லை. இல்லை. மறுபடி அடுப்பு. சடையனாக நின்று முதலாளியைக் கூப்பிட்டு உடைந்த செங்கல்லைக் காட்டினான். பிறகு முதலாளியாக நிமிர்ந்து, துண்டை உதறித் தோளில் போட்டு, போய் வேலையைப் பார் என்று கையை வீசினான்.

அந்த வீச்சு அச்சு அசலாக இருந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்து, உடனே அடங்கினார்கள்.

எச்சில் அவன் சட்டையெல்லாம் நனைத்திருந்தது. முனியம்மா சுவரை விட்டு வந்தாள். முந்தானையை மடித்து அவன் தாடையைத் துடைத்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

அதிகாரி கிளார்க் பக்கம் திரும்பினார். "என்ன பார்த்துக்கிட்டிருக்கீங்க? அவர் சொன்னதை எழுதுங்க."