நண்டுத் திட்டில் ஒரு தகரப்பெட்டி

"பன்னிரண்டு மணி வரைதான் நேரம்! சீக்கிரம்!" என்று கத்தியபடி முபாரக் மண்வெட்டியும் கம்புமாகக் கடலில் இறங்கினான். மருந்துக்கடைக்காரன், குழுவில் அவன்தான் சின்னவன். பின்னால் செண்பகவல்லி டீச்சர், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. கடைசியாக அமலோற்பவம். எல்லோருக்கும் அமலா.

கரையிலிருந்து நண்டுத் திட்டுக்கு அரை மைல். கடல் வற்றியிருக்கும் காலையில் முழங்கால் தண்ணீரில் நடந்தே போகலாம். விளக்கில்லாத பழைய கலங்கரை விளக்கம் ஒன்றைத் தவிர அங்கே எதுவும் இல்லை.

ஞாயிறு வினாடி வினா மன்றத்தின் ஆண்டு விழாவில் இந்த வேட்டை தவறாமல் நடக்கும். ஒருவர் பெட்டியை ஒளித்துவிட்டு ஒரு விடுகதை எழுதிக் கொடுப்பார். பெட்டிக்குள் அடுத்த ஆண்டுக்கான கேள்வி அட்டைகள். பன்னிரண்டுக்குள் யாரும் எடுக்காவிட்டால் ஒளித்தவரே இடத்தைச் சொல்லிவிடுவார். இந்த முறை சொல்ல ஆளில்லை. விடுகதையை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்த பத்தாம் நாள் ரெக்ஸ்லின் மாரடைப்பில் போய்விட்டான். அமலாவின் கணவன்.

நாளைக்கு வந்து தேடவும் வழியில்லை. திட்டை வெட்டிப் படகுப் பாதை போட இயந்திரம் வந்து நின்றது. மதியம் வேலை தொடங்குகிறது.

அவன் கடைசியாக எழுதியது அந்த மணலுக்குள் கிடந்தது. அது தனக்கு வேண்டும் என்று அமலாவுக்குத் தெரிந்தது. தெரிந்தது, அவ்வளவுதான். தவிப்பு வரவில்லை. மூன்று மாதமாக எதுவுமே வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் அழுதார்கள். அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள். சோறு ருசிக்கவில்லை, கசக்கவுமில்லை.

கலங்கரை விளக்கத்தின் அடியைச் சுற்றி ஒரு மணி நேரம் தோண்டினார்கள். நண்டுகள் ஓடின. பெட்டி இல்லை.

"ஏட்டி அமலா, விடை சரிதானா?" என்றார் டீச்சர், மூச்சு வாங்கிக்கொண்டு.

"விடுகதையை இன்னொரு தடவை முழுசா வாசி, முபாரக்," என்றாள் அமலா.

"நான் எங்கக்கா முழுசா வாசிச்சேன்? நீங்கதான் தட்டிட்டீங்களே!"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மன்றத்தில் விடை தெரிந்தவர் மேசையைத் தட்டுவார். தட்டியதும் கேள்வி அங்கேயே நின்றுவிடும். பத்தொன்பது ஆண்டுப் பழக்கம். காலையில் முபாரக், "ஒற்றைக் கண்ணால் கப்பலெல்லாம் காத்தேன், இன்று குருடாய் நிற்கிறேன்" என்று வாசித்ததும் அமலாவின் விரல் தானாகத் தட்டியது. அட்டை அவன் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

இப்போது அதை எடுத்து மீதியை வாசித்தான். "விழா நாள் காலையில், என் உயரமும் என் நிழலும் சமமாகும்போது, என் தலை படும் இடத்தைத் தோண்டு."

"போச்சு!" என்று மணலில் உட்கார்ந்தான். "அது ஒன்பதரைக்கே முடிஞ்சிருக்கும். இப்ப மணி பத்தே முக்கால்!"

அமலாவின் தலை மட்டும் தனியாக வேலை செய்தது. "நிழல்தானே போச்சு? உயரம் அங்கேயேதான் நிக்குது. கம்பை நடு."

கம்பின் நிழல் கம்பில் பாதி இருந்தது.

"அப்போ கோபுரமும் அதன் நிழலைப் போல ரெண்டு மடங்கு!" டீச்சர் துள்ளினார். "கணக்கு டீச்சர் நான் இருக்கேன், நீ சொல்றியேட்டி!"

கோபுரத்தின் நிழல் பதினாறு காலடி. அப்படியானால் உயரம் முப்பத்திரண்டு, ஒன்பதரை மணி நிழலும் அவ்வளவே. திசை? பங்குனி மாதம், சூரியன் ஏறக்குறைய நேர் கிழக்கில் உதிக்கும். நிழல் மேற்கே, கொஞ்சம் வடக்கே ஒதுங்கி விழுந்திருக்கும்.

"முப்பது, முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு!"

அங்கே கடல் ஏற்கெனவே கணுக்காலுக்கு வந்திருந்தது. தோண்டத் தோண்ட மணல் சரிந்து குழியை மூடியது. இயந்திரத்திலிருந்து சங்கு ஊதினார்கள்.

"அக்கா, போதும்! திரும்புற வழியில கழுத்துக்கு வந்துரும்!"

அமலா நிறுத்தவில்லை. அது தைரியமில்லை. பயமும் வராமல் போனவற்றில் ஒன்று. டீச்சர் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். "உனக்குப் பயமில்ல, சரி. எங்களுக்கு இருக்குல்லா?"

அந்தச் சொல் அவளை நிறுத்தியது. மண்வெட்டியை நீட்டினாள். வாங்கிய முபாரக் முணுமுணுத்துக்கொண்டே ஓர் எட்டு வடக்கே தள்ளி, "இதான் கடைசி" என்று ஓங்கிப் போட்டான். டங்!

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, மார்பளவு தண்ணீரில், ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி கரையேறினார்கள். பதினொன்று ஐம்பது! மன்றமே விசிலடித்தது. அமலா கூட்டத்தைப் பார்த்துத் தலையசைத்தாள். உள்ளே ஒன்றும் அசையவில்லை.

முதல் அட்டையை அவள்தான் வாசிக்க வேண்டும் என்றார்கள். "உலகின் மிகப் பெரிய பாலைவனம் எது?" அட்டையைத் திருப்பினாள். "விடை: சகாரா."

"தப்பு!" அவளுக்குள் எங்கிருந்தோ குரல் கிளம்பியது. "அண்டார்க்டிகா! மழை பெய்யாத இடம் பாலைவனம்தான், பனி மூடிக் கிடந்தா என்ன? பதினாறு வருசமா சொல்றேன், இந்த மனுசன் காதுல ஏறினாத்தானே!"

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. அவளுக்கு முகம் கொதித்தது. அப்போதுதான் விடைக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் பார்த்தாள்: "அமலா சண்டைக்கு வருவாள். வரட்டும்."

இரண்டு முறை வாசித்தாள்.

"வந்தாச்சு," என்றாள் அட்டையிடம். "நீ எங்கய்யா?"

இனித் தட்டினாலும் கேள்வியைக் கடைசிவரை வாசிப்பது என்று மன்றம் அன்றே முடிவு செய்தது. அமலாவின் காதில் அது விழவில்லை. முபாரக்கின் பேனாவை வாங்கி, சகாராவை அடித்து அண்டார்க்டிகா என்று எழுதினாள். கண்ணீர் விழுந்து மை கலைந்தது. கீழே இருந்த வரியின்மேல் விழாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள்.