ராஜம்மாவின் பாடு

1984 தை மாதம், இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி அதன் மேல் ஏற்றி, பூமியில் துளை போடும் இயந்திரத்தை ஏரி நடுவில் இருக்கும் எங்கள் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். கூடவே தனசேகர் என்ற கம்பெனி சாரும், இயந்திரம் ஓட்டுகிற சுப்பனும் வந்தார்கள். படகு ஆடிய ஆட்டத்தில் சார் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, கரையில் நின்ற, ஊர்த் தலைவரான என் அப்பாவுக்குக் கும்பிடு போட்டார்.

"ஏரிக்கு அடியில நிலக்கரி இருக்கானு பாக்கணும். ஒரு துளை போதும். யார் வலைக்கும் தொந்தரவு இல்லாத இடமா காட்டுங்க."

அப்பா, எங்கள் பேச்சில் நைனா, யோசிக்கவே இல்லை.

"வடக்குத் திட்டுல போட்டுக்க சார். அது ராஜம்மா பாடு. ஆள் இல்லாத பாடு."

எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எந்த நாள், எந்த இடம், யார் என்று முறை உண்டு. அதைத்தான் பாடு என்போம். மாதம் ஒரு காலையில் ஆண்கள் எல்லோரும் கூடுவார்கள். நைனா நோட்டைப் பார்த்துப் பெயர் வாசிப்பார். "இருக்கேன்" என்று குரல் கொடுத்தவனுக்குப் பாடு உண்டு. குரல் கொடுக்காதவனுக்கு இல்லை.

ஒரே ஒரு பெயருக்கு மட்டும் பதில் வராது.

ராஜம்மா நான் பிறப்பதற்கு முன்பே செத்துப்போனவள். புருஷன் இறந்ததும் அவன் பாட்டைத் தனக்குக் கேட்டாள். பொம்பளைக்குப் பாடு கிடையாது என்று ஊர் சொன்னது. அவள் யாரிடமும் மறுபடி கேட்கவில்லை. புருஷனின் முறை வந்த நாளில் வடக்குத் திட்டில் போய்த் தனியாக நின்றாள். அன்றைக்குப் புயல். உடல் கிடைக்கவே இல்லை. அதன் பிறகு அந்தத் திட்டில் போட்ட வலையெல்லாம் கத்தியால் கிழித்தது போல வந்ததாம். அன்றிலிருந்து அவள் பெயரையும் நோட்டில் எழுதி, வாசித்து, ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்துவிட்டு அடுத்த பெயருக்குப் போவார்கள். திட்டில் யாரும் கால் வைப்பதில்லை. அதனால் இறால் குஞ்சுகள் அங்கேதான் வளரும். பூநாரைகள் அங்கேதான் மேயும். ஆயிரக்கணக்கில் வரும். தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீர் மேல் ரோஜா நிறத்தில் புடவை காயப்போட்டது போல இருக்கும்.

எட்டாவதோடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். வீட்டிலேயே நான் அதிகம் பேசமாட்டேன். கம்பெனி ஆட்களுக்கு டீ கொண்டுபோவது என் வேலையாயிற்று. என் கையெழுத்தைப் பார்த்த சார், துளையிலிருந்து வரும் மண்ணுக்குச் சீட்டு எழுதச் சொன்னார். குழாய்க்குள் சிக்கி, கரும்புத் துண்டு போல மண் வரும். அதை நீளப் பெட்டியில் அடுக்கி, இத்தனை அடி ஆழம் என்று நான் எழுதி ஒட்டுவேன்.

ஒருநாள் தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு கேட்டேன்.

"கரி இருந்தா இன்னா பண்ணுவீங்க சார்?"

"சுரங்கம்தான். கீழயே தோண்டிக்கினு போவோம். மேல ஏரி அப்படியேதான் இருக்கும்."

"கீழ காலியானா மேல எறங்காதா?"

அவர் சிரித்தார். "மிஞ்சிப்போனா ஒரு முழம் எறங்கும். இவ்ளோ பெரிய ஏரியில ஒரு முழம் யாருக்குத் தெரியப்போவுது?"

பூநாரைக்குத் தெரியும். திட்டில் தண்ணீர் அதன் முழங்கால் அளவுதான். தரை இன்னும் ஒரு முழம் இறங்கினால் அலகு சேற்றை எட்டாது. இறால் குஞ்சுக்கும் அந்த ஆழம் ஆகாது. இதெல்லாம் என் தொண்டை வரை வந்தது. வெளியே வரவில்லை.

"உங்க நைனா ஒரு காகிதத்துல கையெழுத்துப் போடணும்" என்றார் சார். "இந்த எடம் யாருக்கும் பயன்படலைனு. அது இருந்தா மேல வேலை நடக்கும். அடுத்த பாடு வாசிக்கற நாள்ல வாங்கிக்கறேன்."

மறுநாள் விடிந்ததும் டீயோடு போனபோது, இயந்திரம் நின்ற சேற்று மேட்டில், அதைச் சுற்றிக் காலடித் தடம் இருந்தது. வெறுங்கால். சிறிய கால். வட்டமாகச் சுற்றிச் சுற்றி நடந்திருந்தது.

"யாரோ நம்மளைப் பிரதட்சணம் பண்ணியிருக்காங்க சார்" என்று சிரித்தான் சுப்பன்.

நான் சிரிக்கவில்லை. அந்த வட்டத்துக்கு உள்ளே வந்த தடமும் இல்லை, வெளியே போன தடமும் இல்லை.

மூன்றாம் நாள் சேற்றிலிருந்து ஒரு வாடை கிளம்பியது. அழுகல் வாடை இல்லை. தலைக்குத் தடவின விளக்கெண்ணெய் வாடை.

நான்காம் நாள், இருநூற்றுப் பத்து அடியில் வந்த மண்ணைச் சுப்பன் பெட்டியில் கொட்டினான். கறுப்பு மண். நடுவில் ஏதோ சுருண்டிருந்தது. வேர் என்று நினைத்து இழுத்தான்.

இழுக்க இழுக்க வந்தது.

முடி.

ஒரு ஆள் உயரத்துக்கு ஈர முடி. அதன் நுனியில் பச்சைக் கண்ணாடி வளையலின் உடைந்த துண்டு. நான் தொட்டுப் பார்த்தேன். பூமிக்குள் அவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது, உடம்புச் சூட்டோடு இருந்தது.

"மேல கெடந்தது உள்ள வுழுந்திருக்கும்" என்றார் சார். ஆனால் அந்த மண்ணுக்கு நான் எழுதிய சீட்டை வாங்கிக் கிழித்துப் போட்டார்.

பாடு வாசிக்கும் நாள் வந்தது. சார் கேட்டுக்கொண்டதால், அந்த முறை திட்டிலேயே கூடினார்கள். டீ கொண்டுபோன நானும் அங்கே நின்றேன். விடிந்து வெகுநேரம் ஆகியும் பனி விலகவில்லை. துளை போட ஆரம்பித்த நாளிலிருந்து காணாமல் போயிருந்த பூநாரைகள் திரும்பி வந்திருந்தன.

மேயவில்லை.

இயந்திரத்தைச் சுற்றி வட்டமாக நின்றன. எல்லாத் தலையும் உள்பக்கம் பார்த்திருந்தது. ஒரு சத்தம் இல்லை. சுப்பன் பயத்தில் என்ஜினை ஓடவிட்டான். அந்த இரைச்சலுக்கும் ஒரு சிறகுகூட அசையவில்லை. அவனே அணைத்துவிட்டான்.

நைனா பெயர் வாசித்தார். ஒவ்வொருவராக "இருக்கேன்" என்றார்கள். குரல்கள் பனியில் அமுங்கிக் கேட்டன.

"ராஜம்மா."

ஒரு மூச்சு நேரம்.

"பாத்தீங்களா, ஆள் இல்ல" என்று சார் காகிதத்தை நீட்டினார். நைனா பேனாவைத் திறந்தார்.

துளைக் குழாயிலிருந்து சத்தம் வந்தது.

முதலில் மூச்சு. நீளமான, ஈர மூச்சு. அப்புறம், இருநூறு அடி ஏறி வந்த களைப்போடு,

"இருக்கேன்."

யாரோ சாமி பெயரை முணுமுணுத்தார்.

"கேஸு" என்றார் சார். குரல் உடைந்திருந்தது. "சேத்துல இருந்து வர கேஸு. காத்துக்கெல்லாம் பாடு குடுப்பீங்களா? போடுங்க கையெழுத்தை."

நைனா இன்னொரு தடவை கூப்பிட்டார். "ராஜம்மா."

பதில் இல்லை. சார் மூச்சு விட்டார். நைனாவின் பேனா காகிதத்தைத் தொடப்போனது.

அப்போது என் வலது கைக்குள் ஒரு கை நுழைந்தது. குளிர்ந்த, சேறு வழுக்கும் கை. என் பக்கத்தில் யாரும் இல்லை. விரல்கள் என் விரல்களோடு கோத்துக்கொண்டு ஒரு தரம் அழுத்தின. பயத்தில் எனக்குக் கண் இருண்டது. ஆனால் தொண்டை திறந்தது.

"இருக்கேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏ ருக்கு, நீ இன்னாத்துக்குடி வாயத் தொறக்கற?" என்றார் நைனா.

"அவ பாட்டுக்கு நான் இருக்கேன். நோட்டுல என் பேரை எழுது நைனா. காகிதத்துல எழுதாத."

"பொம்பளைக்குப் பாடு ஏது?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"செத்த பொம்பளைக்கு இத்தினி வருசமா குடுத்தீங்களே" என்றேன். "உயிரோட கேட்டா இன்னா?"

அந்தக் கை என்னை விடவில்லை. நைனா என்னைப் பார்த்தார். பிறகு என் வலது கையைப் பார்த்தார். அங்கே அவருக்கு என்ன தெரிந்தது என்று இன்றுவரை சொன்னதில்லை. குனிந்து, நோட்டில் ராஜம்மா என்றிருந்ததை அடித்து, ருக்கு என்று எழுதினார். பேனாவை மூடினார்.

"இது எம்பொண்ணு பாடு சார். ஆள் இருக்குது. கையெழுத்து ஆவாது."

மூன்று நாளில் இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். துளைக் குழாயை மட்டும் பிடுங்க முடியவில்லை. சங்கிலி போட்டு எட்டுப் பேர் இழுத்தார்கள். யாரோ கீழே பிடித்துக்கொண்டிருப்பது போல இருக்கிறது என்றான் சுப்பன். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. கடைசியில் இரும்பு மூடி போட்டு முறுக்கிவிட்டுப் போனார்கள். வேறு காகிதத்தோடு திரும்ப வருவோம் என்றார் சார்.

வரட்டும்.

மூன்று வருஷம் ஆகிறது. என் பாட்டில் நான் வலை போடுவதில்லை. விடியும்போது போய் முழங்கால் தண்ணீரில் நிற்பேன். பூநாரைகள் என்னைச் சுற்றி மேயும். குழாய் மூடி ஒவ்வொரு தடவையும் கழன்று சேற்றில் கிடக்கும். நான் எடுத்துத் திரும்பப் போடுவதை விட்டுவிட்டேன்.

மாதம் ஒருமுறை நைனா பெயர் வாசிக்கிறார்.

"ருக்கு."

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பதில் வந்துவிடுகிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, நைனாகூட நோட்டிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. அவள் சொல்லி முடித்ததும் நானும் சொல்கிறேன்.