இணைப்பைத் துண்டிக்க வேண்டாம்

கழக்கூட்டம் ஊரில் பைபாஸை ஒட்டிய அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் பொன்செல்வி ஆட்டோவை விட்டு இறங்கியபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. இடவப்பாதி மழை காலையிலிருந்தே விடவில்லை. வானம் பகலிலேயே இருண்டு கிடந்தது. மேம்பாலத்தில் போகிற லாரிகளெல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு போயின.

செக்யூரிட்டி ஷிபு குடையோடு ஓடி வந்தான்.

"சேச்சி தனியாவா வந்தது? சாமானெல்லாம் நேத்தே போயாச்சல்லோ."

"ஒரு சின்ன வேல பாக்கி இருக்கு ஷிபு. முடிச்சிட்டு சாவிய உன் கையில தந்துட்டுப் போறேன்."

"அது மதி, போதும். ஓனர் சாயங்காலம் வரும்போ நான் குடுத்தோளாம்."

லிஃப்டுக்குக் காத்து நிற்கும்போது நாகர்கோவிலிலிருந்து அக்கா ஜெபமலர் கூப்பிட்டாள்.

"ஏளா, நான் பஸ் பிடிச்சு வரட்டா? அந்த வீட்டுக்குள்ள நீ தனியா நிக்காத."

"கொஞ்ச நேரத்து வேலதான்க்கா. அம்மா வீடியோவ ஃபோன்ல ஏத்திட்டு இறங்கிருவேன்."

"கிடைக்கலன்னா விட்டுட்டு வந்துரு. அம்மா நம்ம மனசுல இருக்கா."

"மனசுல குரல் கேக்க மாட்டுக்கே அக்கா."

பொன்செல்வியின் கணவன் பிரவின்ராஜ் அந்த வீட்டில் வைத்துத்தான் இறந்தான். ஈஸ்டர் கழிந்த வாரம். வயது நாற்பதுகூட ஆகவில்லை. வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறவன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே நெஞ்சடைத்துப் போய்விட்டான். அப்போது பொன்செல்வியின் ஃபோன் வயரில் மாட்டி அவன் மடியில் கிடந்தது. அவன் பார்த்து முடித்துத் திருப்பித் தருவான் என்று அவள் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். வெளியே இருட்டும்வரை நின்றாள். முடிக்கும் முன்னால் கேட்டால் அவனுக்குப் பிடிக்காது.

அது தினசரி நடப்பு. லேபில் வேலை முடிந்து அவள் வந்ததும், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டுவான். ஃபோனை அந்தக் கையில் வைக்க வேண்டும். வயரைச் சொருகி எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் இறக்குவான். அடித்ததில்லை. குரலை உயர்த்தியதுகூட இல்லை. அழைப்புகளில் ஒவ்வொரு பெயரின் மேலும் மவுஸை நிறுத்தி, "யாரு இது?" என்று மட்டும் கேட்பான். அவனுக்கு வலப்பக்கம் நின்று அவள் சொல்வாள். மவுஸ் அடுத்த பெயருக்குப் போகும்.

படங்களை இறக்கிய பிறகு ஃபோனில் அழித்துவிடுவான். "ஃபோன்ல இடமில்ல செல்வி. இங்க இருந்தா பத்திரமா இருக்கும்."

ஒருமுறை அவள் சொல்லாமல் கொள்ளாமல் நாகர்கோவில் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தாள். மறுநாள் வாசல் கதவின் உச்சியில் இன்னொரு தாழ்ப்பாள் வந்துவிட்டது. அவன் நெடுநெடுவென்று வளர்ந்தவன், கையை நீட்டினால் எட்டும். அவளுக்கு முக்காலி வேண்டும். முக்காலி அவன் அறையில் இருந்தது. "களவு பயம்" என்றான்.

அம்மா போன ஜனவரியில் இறந்தாள். அதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு அம்மா முந்திரிக்கொத்து சுடுவதைப் பொன்செல்வி வீடியோ எடுத்திருந்தாள். அம்மா பேசி அக்கா தங்கையிடம் இருந்த வீடியோ அது ஒன்றுதான். அதுவும் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது.

ஐந்தாவது மாடியில் கதவைத் திறந்து உள்ளே போய்க் கைப்பிடிப் பூட்டை மட்டும் திருப்பிவிட்டாள். மூடிக் கிடந்த வீட்டின் ஈர வாடை. அதற்கு அடியில், மெல்லிசாக, அவன் தலைக்குத் தேய்க்கும் நீலிபிருங்காதி எண்ணெயின் வாசனை.

கூடம் காலியாகக் கிடந்தது. கட்டில், பீரோ, முக்காலி எல்லாவற்றையும் பிரவினின் தம்பி மினி லாரியில் ஏற்றிப் போயிருந்தான். அவன் அறையில் மட்டும் சுவரோடு சேர்த்து அடித்த மேசை, அதன் மேல் மானிட்டர், கீழே சிபியு பெட்டி, முன்னால் சக்கரம் வைத்த அந்த நாற்காலி. அதைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை போல.

அவள் நாற்காலியில் உட்காரவில்லை. பக்கத்தில் நின்றபடியே கம்ப்யூட்டரைப் போட்டாள். பாஸ்வேர்டு கேட்குமே என்று பயந்திருந்தாள். கேட்கவில்லை. தம்பிக்காரன் எடுத்துவிட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஃபோன் புதுசு. அடக்கம் முடிந்து அடுத்த மாதம் வாங்கியது. நம்பரும் புதுசு. வயரைச் சொருகியதும் ஃபோன் திரையில் கேள்வி வந்தது. இந்தக் கணினியை நம்பலாமா? கீழே இரண்டு கட்டங்கள்.

மழையில் நனைந்திருந்த விரலைத் துப்பட்டாவில் துடைத்தாள்.

விரல் போவதற்கு முன்பே, 'நம்பு' என்ற கட்டம் ஒருகணம் மங்கியது, யாரோ அழுத்தியதைப் போல. கேள்வி மறைந்தது.

புது ஃபோன், ஈரக்கை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தேட வேண்டியிருக்கவில்லை. திரையின் நடுவிலேயே 'செல்வி' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. அதற்குள் அம்மாவின் படங்கள், கடைசியில் அந்த வீடியோ. எல்லாவற்றையும் சேர்த்து ஃபோனுக்கு அனுப்பினாள். பச்சைக் கோடு மெல்ல நகரத் தொடங்கியது. ஃபோனின் திரை முழுக்க ஒரே ஒரு வரி நின்றது.

இணைப்பைத் துண்டிக்க வேண்டாம்.

வெளியே மழை வலுத்தது. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து பைபாஸே தெரியவில்லை. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கம்ப்யூட்டர் திரையில் இன்னொரு சன்னல் தானாகத் திறந்தது.

அதில் அவளுடைய புது ஃபோனின் அழைப்புகள் ஒவ்வொன்றாக வந்து அடுக்கிக்கொண்டிருந்தன. இந்த மாதம் பேசியவை. அவள் தொடவில்லை. மவுஸ் மேசையில் அசையாமல் கிடந்தது. திரையில் அம்பு மட்டும் நகர்ந்தது.

முதல் பெயரில் வந்து நின்றது. காத்திருந்தது.

அம்பு அந்தப் பெயரைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போட்டது. அவன் பொறுமை இழக்கும்போது போடுகிற வட்டம்.

"அக்கா" என்றாள் பொன்செல்வி.

அம்பு அடுத்த பெயருக்கு இறங்கியது.

"ஹாஸ்டல் ஆபீஸ். ரூம் கேட்டுப் பேசினேன்."

இறங்கியது. சுசீலாபாய் என்ற பெயரில் நெடுநேரம் நின்றது.

"புதுசா சேர்ந்த லேப்ல கூட வேல பாக்குற அக்கா" என்று கிசுகிசுத்தாள். "வயசானவங்க. ஃபோர்ட் பக்கம் வீடு."

அடுத்த பெயருக்கு வாய் திறக்கும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவள் மேசைப் பக்கம் இல்லை. நாற்காலிக்கு வலப்பக்கம், கைகளைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து நின்றுகொண்டிருந்தாள். எப்போது அங்கே வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

எண்ணெய் வாசனை இப்போது மெல்லிசாக இல்லை.

வெளியே வராந்தாவில் போய் நிற்போம், கோடு முடிந்ததும் வந்து ஃபோனை எடுத்துக்கொள்வோம் என்று நினைத்து வாசலுக்கு வந்தாள். கைப்பிடியைத் திருப்பி இழுத்தாள். கதவு மேலே பிடித்துக்கொண்டது.

அண்ணாந்து பார்த்தாள்.

மேல் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

குதித்துப் பார்த்தாள். விரல் நுனி பாதித் தூரம்கூடப் போகவில்லை. கதவைத் தட்டி ஷிபுவைக் கூப்பிட்டாள். அந்த மாடியில் எதிர்வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் ஆபீசுக்குப் போகிறவர்கள். பால்கனிக்கு ஓடிக் கத்தினாள். மழைச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. கீழே ஷிபுவின் அறைமேல் தகரம் இரைந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்து ஃபோனை எடுத்தாள். எங்கே தொட்டாலும் அந்த ஒரே வரிதான் நின்றது. யாரையும் கூப்பிட முடியவில்லை.

கரண்ட் போனது.

கூடம் இருண்டது. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. அறைக்குள்ளே மானிட்டர் மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. யுபிஎஸ் இருக்கும் என்று நினைத்தாள். பிறகு நினைவு வந்தது. யுபிஎஸ்ஸை நேற்றே கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

ஏறி நிற்க ஏதாவது வேண்டும். நாற்காலிதான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதன் முதுகைப் பிடித்து இழுத்தாள்.

சக்கரம் உருளவில்லை.

இரண்டு கையாலும் இழுத்தாள். நாற்காலி ஒரு விரற்கடைகூட நகரவில்லை. ஆள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை இழுத்தால் எப்படிக் கனக்குமோ அப்படிக் கனத்தது. உட்காரும் மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது. அவள் பார்க்கப் பார்க்க அது இன்னும் கொஞ்சம் அமுங்கியது.

கையை எடுத்துவிட்டாள்.

வீட்டில் மிச்சமிருந்தது சிபியு பெட்டி ஒன்றுதான். படுக்க வைத்து ஏறினால் எட்டிவிடும். ஆனால் அதை எடுக்க வயர்களைப் பிடுங்க வேண்டும்.

திரையைப் பார்த்தாள். பச்சைக் கோடு ஏறக்குறைய முடிந்திருந்தது. படங்கள் எல்லாம் போய்விட்டன. வீடியோ மட்டும் பாக்கி. அதன் சின்னப் படத்தில் அம்மா கையில் மாவோடு திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எடுத்தது போதும்ளா, வந்து மாவு பிடி" என்று சொல்லப்போகிற முகம்.

இன்னும் கொஞ்சம்தான். பொன்செல்வி காத்திருந்தாள்.

கோடு நகரவில்லை.

எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்குப் பிறகு சொல்லத் தெரியவில்லை. காலையில் உடுத்திய ஈரத்துணி உடம்பிலேயே காய்ந்துவிட்டது. கோடு அதே இடத்தில் நின்றது. பெயர்களின் மேல் நின்ற அம்பு மட்டும் அவ்வப்போது ஒரு சின்ன வட்டம் போட்டது. அடுத்த பதிலைக் கேட்டது. அவள் சொன்னால் இறங்கும், இறங்கி மறுபடி நிற்கும், பட்டியல் தீர்ந்தால் முதலிலிருந்து தொடங்கும். அவள் அங்கே நிற்கிற வரைக்கும் அந்த வீடியோ வந்துகொண்டே இருக்கும். வந்து சேராது.

"அம்மா, மன்னிச்சிரு" என்றாள்.

குனிந்து, பெட்டியின் பின்னால் கையை விட்டு, கைக்கு அகப்பட்ட வயர்களை எல்லாம் ஒரே பிடியாகப் பிடித்து இழுத்தாள். மானிட்டர் அணைந்தது. ஃபோனைப் பிடுங்கி இடுப்பில் சொருகினாள். பெட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருட்டில் கூடத்துக்கு வந்தாள். அது காய்ச்சல்காரன் உடம்பு போலச் சுட்டது.

கதவடியில் படுக்க வைத்து ஏறினாள். காலுக்கடியில் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. எந்த வயரும் அதில் இல்லை.

கையை நீட்டினாள். தாழ்ப்பாளின் கொண்டி விரலில் தட்டியது.

பின்னால், அறைக்குள், சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

மெதுவாக. நிதானமாக. அறையைத் தாண்டி, கூடத்துத் தரையில்.

அவள் திரும்பவில்லை. நுனிக்காலில் எம்பிக் கொண்டியைப் பிடித்து இழுத்தாள். துருப்பிடித்த இரும்பு கீச்சென்று பாதி வந்து நின்றது. சக்கரச் சத்தமும் நின்றது, அவள் கெண்டைக்காலுக்கு வெகு அருகில். பிடரியில் எண்ணெய் வாசனையோடு ஒரு சூடு பட்டது.

"ஃபோன குடு" என்பது போல ஒரு கை அவள் இடுப்புக்குப் பக்கத்தில் நீண்டிருப்பதாக அவளுக்குத் தெரிந்தது. பார்க்காமலே தெரிந்தது.

"தர மாட்டேன்" என்றாள். கல்யாணமாகி அவனிடம் அதுவரை அவள் சொல்லாத சொல்.

கொண்டியை இழுத்தாள். கதவு திறந்தது. செருப்பைக்கூடப் போடாமல் படிக்கட்டு வழியாகவே ஓடி இறங்கினாள்.

கீழே ஷிபு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றான். "எந்து பற்றி சேச்சி?"

"ஒண்ணுமில்ல. சாவி இந்தா. மேல ஒரு கம்ப்யூட்டர் கிடக்கு, ஒரு நாற்காலியும் கிடக்கு. ரெண்டையும் ஆக்ரிக்காரனுக்கு எடைக்குப் போட்டுரு. பைசா நீ வச்சுக்க."

ஆட்டோவில் உட்கார்ந்துதான் ஃபோனைப் பார்த்தாள். அந்த வரி போயிருந்தது. அம்மாவின் படங்கள் இருந்தன. வீடியோ இல்லை. பட்டம் ஜங்ஷன் வரும்வரை அழுதுகொண்டே வந்தாள்.

அங்கே கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் ஹாஸ்டலில் அவளுக்குத் தனி அறை கிடைத்திருந்தது. அப்பனோ அண்ணனோ வந்தாலும் வெளி வராந்தாவோடு சரி, ஆண்கள் உள்ளே வர முடியாது. முதல் வாரம் விளக்கை அணைக்காமல் தூங்கினாள். பிறகு அணைத்தாள். ஃபோனைக் கட்டிலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவாள். திரும்பி வரும்போது போட்ட இடத்தில் போட்டபடி கிடக்கும். அதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். ஒருநாள் லேபில் சுசீலாபாய் சொன்ன ஏதோ பேச்சுக்கு அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

மழை வெறித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் புறப்படும் முன் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, வராந்தாக் கோடியில் இருக்கும் குளியலறைக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தாள். பூட்டைத் திறந்து உள்ளே வந்து தலை துவட்டும்போது ஃபோன் அடித்தது. சுசீலாபாய்.

"குளிச்சாச்சா செல்வி?"

"இப்பதான். உங்களுக்கு யாரு சொன்னா?"

"முன்னே விளிச்சப்ப ஒரு ஆளு எடுத்தாரே. குளிச்சிட்டிருக்கா, இப்ப வந்துருவான்னு சொன்னாரு. நல்ல மரியாதையான பேச்சு. என்ன, என் பேரு, வீடு, உன்ன எத்தன நாளா பழக்கம், எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் ஃபோன வச்சாரு. ஹாஸ்டலுக்குள்ள ஆம்பளைங்கள விடுவாங்களா மோளே? யாரு அது, அண்ணனா?"

பொன்செல்வி கட்டில்மேல் போட்டிருந்த அறைச் சாவியைப் பார்த்தாள்.

மறுமுனையில் சுசீலாபாய் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"செல்வி, உன் பக்கத்துல நிக்கது யாரு? மூச்சு விடுற சத்தம் எனக்கு இங்க கேக்குதே."