கொதிக்காத ஏடு

டெல்ஃபினின் கண்ணோரத்தைத் துடைத்தபோது துணியில் மெல்லிய வெள்ளை ஏடு ஒன்று ஒட்டி வந்தது, ஆறிய பாலில் படிவது போல. அவன் மனைவி அமாடா அதை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தாள். கிழியவில்லை. முகர்ந்தாள். காடி வாசனை.

காய்ச்சல் பீளைதான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் பிலிப்பைன்ஸின் லகூனாவில் நாட்டா வளர்க்கும் எந்த வீட்டிலும் அந்த வாசனை தெரியாதவர் கிடையாது. தேங்காய்த் தண்ணீரில் சர்க்கரையும் காடியும் கலந்து காய்ச்சி, ஆறியதும் பழைய புளிப்புத் தண்ணீர் கொஞ்சம் விட்டுத் தட்டில் ஊற்றிச் செய்தித்தாளால் மூடினால், பத்து நாளில் மேலே விரல்கனத்துக்கு வெள்ளையாகத் தோல் கட்டிவிடும். அதுதான் நாட்டா. மிட்டாய்க்காரர்கள் வாங்கிப்போவார்கள்.

காய்ச்சும் அண்டா கவிழ்ந்துதான் டெல்ஃபினுக்குக் கழுத்திலிருந்து முழங்கால்வரை முன்பக்கத் தோல் போனது. நல்லாக் கொதிக்க வைத்த நாட்டாவைப் புண்ணில் போர்த்தலாம் என்று சொன்னவள் ஊர் நர்ஸ் பெட்ரா. தட்டளவுத் துண்டுகளைப் பரப்பினார்கள். ஓரம் ஓரமாகச் சீழ் வைத்தது.

"ஒரே துண்டா இருந்தா பொழைச்சுக்குவான்டி," என்றாள் பெட்ரா.

அமாடா ஆள் நீளத்துக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டினாள். சின்னத் தட்டில் சொன்னபடி கேட்கிற நாட்டா பெரிய தொட்டியில் அடம்பிடித்தது. சாலையில் ஒரு ஜீப்னி வண்டி போனால் போதும், தண்ணீர் ஆடி ஏடு கிழிந்து மூழ்கிவிடும். ஐந்து முறை அப்படிப் போனது. ஆறாவது முறை அவளே சாலையில் நின்று ஒவ்வொரு வண்டியாகக் கைகாட்டி, மெதுவாகப் போகச் சொல்லிக் கெஞ்சினாள். பைத்தியம் என்றார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

கட்டியது. கழுத்திலிருந்து முழங்கால்வரை, அளந்து வைத்தாற்போல. கொதிக்க வைத்தால் ஒரு சாண் சுருங்கும், முழங்கால் வெளியே தெரியும். அவளுக்கு மனம் வரவில்லை. பச்சைத் தண்ணீரில் அலசிப் போர்த்திவிட்டாள்.

"கொதிக்க வச்சியா?"

"வச்சேன்க்கா."

"நல்லா வெந்திருக்கணும். இல்லேன்னா உசுரோட இருக்கும் அது." பெட்ரா சிரித்தாள். "புருஷனுக்குக் கோட்டு மாதிரில்ல தச்சிருக்கே."

மூன்று நாளில் சீழ் நின்றது. காய்ச்சல் இறங்கியது. டெல்ஃபின் கஞ்சி கேட்டான். அமாடா வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

இன்று நான்காம் நாள். பகல் மழை ஓட்டின்மேல் ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது, வீடு முழுக்கக் காடி வாசனை ஈரத்துணி போலத் தொங்கியது, அவள் அவனுடைய போர்வையை விலக்கி ஏட்டின் விளிம்பைத் தேடிக் கழுத்தில் விரலை ஓட்டிக்கொண்டே போனாள். விளிம்பு அகப்படவில்லை. தாடையில் இல்லை. கன்னத்திலும் இல்லை.

ஈரமும் காற்றும் சந்திக்கிற இடத்தில்தான் நாட்டா தோல் கட்டும். அது அவளுக்குத் தெரியும்.

"அமாடா, பேச வரலடி," என்றான் அவன். "உதடு இழுக்குது."

வாயில் விரலைவிட்டு உரித்தாள். வழுவழுவென்று வந்தது. கண்ணில் உரித்தாள். மூக்கில் உரித்தாள். துணியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். வாய் மூடியிருந்தது. வெள்ளையாக. மடிப்பே இல்லாமல்.

கத்தரியால் வெட்டினாள். அடியில் இன்னொன்று. வெட்டினாள். அடியில் இன்னொன்று.

ஏடு உப்பியது. அமுங்கியது. உப்பியது.

உரித்தால் தீராது. காடியில் சாகாது. உப்பிலும் சாகாது. சின்ன வயதிலிருந்தே தெரிந்த விஷயம், அதைக் கொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு.

அடுப்பை மூட்டினாள். கெட்டில் முனகியது, பிறகு கூவியது.

அதைத் தூக்கிக்கொண்டு கட்டிலருகே வந்தாள்.

ஏட்டுக்கு அடியில் அவன் கண்கள் திறந்திருந்தன. கெட்டிலின் மூக்கிலிருந்து எழும்பும் ஆவியைப் பார்த்தன. அவளைப் பார்த்தன. தலை மட்டும் இப்படியும் அப்படியுமாக ஆடியது, வேண்டாம் வேண்டாம் என்று. வாயிருந்த இடத்தில் ஏடு உப்பி, அப்படியே நின்றது.

அமாடா கெட்டிலைச் சாய்த்தாள்.