உள் கைப்பிடி இல்லாத கதவு

நான்கு பூட்டுகளும் ஒரே சமயத்தில் விழுந்தன. அதுதான் சென்னிமலைக்குப் பிடிபடவில்லை. காருக்கு நாலு கதவு, நாலு தனித்தனிப் பூட்டு. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் ஒரு வாரமாக, எங்காவது நிறுத்திவிட்டு அவன் இறங்கப் போகும்போது, யாரோ உத்தரவு போட்டது போல நாலும் சேர்ந்து ‘டக்’கென்று விழும். அவனைக் கொஞ்ச நேரம் உள்ளே திணறவிட்டுத் தானாகவே திறந்துகொள்ளும். நேற்று ராசிபுரத்தில், அவனுடைய ஜவுளிக்கடை வாசலிலேயே, அந்தக் கொஞ்ச நேரம் கால் மணியாக நீண்டுவிட்டது.

அறுபத்திரண்டாம் வருஷத்துச் சித்திரை வெயில். சூரமங்கலத்து ஷெட்டில் மெக்கானிக் லாசர் நாலு கதவின் உள் அட்டையையும் கழற்றி, ஸ்பிரிங் மாற்றி, எண்ணெய் விட்டு, ஒவ்வொரு பூட்டாக மூடித் திறந்து காதை வைத்துக் கேட்டார். கிரீஸும் சூடேறிய ரெக்சினும் கலந்த வாடைக்கு நடுவே, கஞ்சி போட்ட சேலை வெயிலில் வேகும் வாடை ஒன்று பின் சீட்டிலிருந்து எழுந்து சென்னிமலையின் மூக்கில் ஏறியது. சிகரெட்டைப் பற்றவைத்து அதை அமுக்கப் பார்த்தான்.

“பூட்டுல ஒரு குத்தமும் இல்லீங்க. ஆனா நான் ஒரு பக்கம் இழுத்தா, உள்ளாரயிருந்து எதிர்த்து இழுக்குதுங்க,” என்ற லாசர் சிலுவை போட்டுக்கொண்டார். “ஏனுங்க, இந்தப் பின் கதவு ரெண்டுக்கும் உள் கைப்பிடி எங்கீங்க?”

“ஒடஞ்சு போச்சு.”

உடையவில்லை. இரண்டு பின் கதவிலும் கைப்பிடியையும் கண்ணாடிப் பிடியையும் திருகாணி கழற்றி எடுத்தவனே அவன்தான். ஒருமுறை, தன் பிறந்த ஊர் கண்ணில் பட்டதும், மனைவி கமலவேணி கேட்காமல் இறங்கி நடந்துவிட்டாள். அதற்குத்தான். போன சித்திரையில் கெங்கவல்லிச் சந்தைக்கு வெளியே அவளைப் பின் சீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு, முன் பக்கம் வந்தால் காலை ஒடிப்பேன் என்று மிரட்டிவிட்டுப் பருத்தி பேசப் போனான். மூன்று மணி நேரம். அவன் திரும்பி வந்தபோது, அவள் அவன் சொல் தட்டாமல், கஞ்சி போட்ட சேலையோடு பின் சீட்டிலேயே செத்துப்போயிருந்தாள். மாரடைப்பு என்றான்; ஊரும் தலையாட்டியது.

“புதுசா மாட்டிடறேனுங்க,” என்றார் லாசர்.

வெள்ளிக்கிழமை குமாரபாளையத்தில் அவனுக்கு இரண்டாம் கல்யாணம். பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. கொஞ்சம் வாய்த்துடுக்கு என்று கேள்வி.

“வேண்டாம், உடுங்க. பொம்பள உக்கார்ற பக்கம். அது அப்படியே கெடக்கட்டும்.”

டக். யாரும் தொடாமலே நாலும் விழுந்தன. பிறகு, ஒன்றுமே நடக்காதது போல, மெல்லத் திறந்துகொண்டன. லாசருக்கு முகம் வெளிறிவிட்டது.

“இன்னிக்குக் காரை எடுக்காதீங்க. பஸ்ல போயிருங்க.”

கேடு வரும் பின்னே, மதி கெட்டு வரும் முன்னே. சென்னிமலை அட்டைகளை மாட்டச் சொல்லிக் காரைக் கிளப்பினான்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. எஞ்சினை அணைத்தான்.

டக்.

அவன் பக்கத்துக் கைப்பிடி சும்மா சுற்றியது. கண்ணாடி இறக்கும் பிடியும் சும்மா சுற்றியது. காற்றே இல்லை. ஸ்டீரிங் கையைச் சுட்டது. காத்திருந்தான். இந்த முறை பூட்டு திறக்கவில்லை.

கேட்டருகே வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தவள் கூடையோடு வந்து குனிந்தாள். அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பார்த்தாள்.

“சாமி, அம்மணி தண்ணி தண்ணீன்னு தவிக்கறாங்க. கண்ணாடிய எறக்குங்க!”

கூட்ஸ் வண்டி வந்துவிட்டது. அவன் கத்தினான். கண்ணாடியைக் குத்தினான். எதுவும் வெளியே கேட்கவில்லை. தன்னை விரட்டுகிறான் என்று நினைத்தவள், காறித் துப்பிவிட்டுப் பின்னால் நின்ற பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. வியர்வை நின்றுவிட்டது. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. கஞ்சி வாடை நெருங்கியது.

திரும்பக் கூடாது.

பக்கத்துச் சீட்டின் ஸ்பிரிங் மெல்ல அமுங்கியது.

முகத்தை ஜன்னலோடு அழுத்திக்கொண்டான். கொதிக்கிற கண்ணாடியில் மூச்சு படியாது. படிந்தது. சிறிய வெள்ளை வட்டம். பயத்தில் மூச்சை அடக்கினான். அப்போதுதான் அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வட்டம் விழுந்து, நிதானமாக, பெரிதாகிக்கொண்டே வந்தது.